வருகையின் நோக்கம்

ஆற்காட்டில் பஸ் ஏறும்போதே
மெஹ்ரூன் பந்தயம் கட்டினாள்:
அந்த வாசக்கதவு பச்சைதான்.
நான் நீலம் என்றேன்.
எங்கள் தெருவின் ஒரே பெட்டியில்
இரண்டுமே சாம்பல்.

செவ்வாய் ராத்திரி, பதின்மூன்று வாரம்.
ஆன்டெனாவைப் பிடித்தபடி மொட்டைமாடியில் என் அண்ணன்.
"வந்துச்சா? வந்துச்சா?"
"வந்துச்சு, அசையாத நில்லு."
தொடர் முழுக்கக் குலசேகரன்
காதால் மட்டுமே பார்த்தான்.
வத்சலாவுக்கு மூக்கு எப்படி என்று
ஒருநாள் என்னைத் தனியாகக் கேட்டான்.

கடைசி வாரம்
கூடத்தின் நடுவில் அவள், கையில் சாவிக்கொத்து.
கதவை நோக்கி மூன்றடி வைத்தாள்.
கரண்ட் போய்விட்டது.
ஆற்காட்டுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

ராணிப்பேட்டையில் கரண்ட் இருந்தது.
மாமா வீட்டில் பார்த்த மெஹ்ரூன்
மறுநாள் டைப்ரைட்டிங் வகுப்பில் சொன்னாள்:
"கதவைத் தள்ளிகினு போயிட்டா."
தள்ளிய கையை
மெஷின் மேலேயே செய்து காட்டினாள்.
நான் நம்பவில்லை.
முப்பத்தேழு வருடமாக நம்பவில்லை.
இடையில் அவள் இரண்டு மகள்களைக் கட்டிக்கொடுத்தாள்,
நான் ஒருவரைப் பாலாற்றங்கரையில் விட்டுவந்தேன்.

தோட்டப்பாளையம்.
மருந்துக்கடை, மருந்துக்கடை, ஸ்கேன் சென்டர்,
வங்காள எழுத்தில் மீன்சாப்பாட்டுப் பலகை.
அண்ணாந்து பார்த்து மெஹ்ரூன் என் முழங்கையைக் கிள்ளினாள்.
மாடி வளைவில் இரண்டு சுதைக்கிளிகள்.
ஒன்றுக்குத் தலை இல்லை.
அன்றைக்கும் இருந்ததில்லை.

வீடு இப்போது லாட்ஜ்.
"பேஷண்ட் யாரும்மா?"
ரிஜிஸ்டரில் அதற்கென்று ஒரு கட்டம்.
நான் விழிப்பதற்குள் மெஹ்ரூன் எழுதிவிட்டாள்: வத்சலா.
வருகையின் நோக்கம்: பார்க்க.
மேனேஜர் தலை தூக்காமல் கேட்டார்,
"எந்த வார்டு?"

அவள் ஏறி ஏறிப் போவாளே, அந்தப் படிகளை எண்ணினோம்.
பதினான்கு.
பதினான்காவது படி தண்ணீர்த்தொட்டியில் முடிகிறது.
அறை இல்லை, மேஜை இல்லை,
கடிதம் ஒளித்த மாடக்குழி இல்லை.
அதெல்லாம் மெட்ராஸில் ஏதோ ஒரு செட்டில்
அட்டையாக இருந்திருக்கும்.
கொடியில் யார் யாருடையவோ லுங்கிகள்.
தொட்டிக்குப் பக்கத்தில் நின்று ஓசூருக்குப் போன் போட்டேன்.
"சரியா கேக்கல, கொஞ்சம் நகந்து நில்லு" என்றான் அண்ணன்.
நகர்ந்து நின்றேன்.
எந்தப் பக்கம் நகர்ந்தாலும் வெயில்.

கீழே கூடத்தில், அதே ஜன்னல்.
மால்டாவிலிருந்து வந்த ஒரு பெண்
மடியில் எக்ஸ்ரே உறையோடு உட்கார்ந்திருந்தாள்.
ஸ்டவ்வில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது.
உங்களுக்கு யார், என்று இந்தியில் கேட்டாள்.
மெஹ்ரூன் தன் உருதுவில் தொடங்கினாள்.
பதின்மூன்று வாரத்தையும் சொன்னாள்:
மாமியார், தந்தி, அடகுபோன வளையல், சாவிக்கொத்து.
அந்தப் பெண் கஞ்சி வடிக்க மறந்து கேட்டாள்.
சாதம் லேசாகக் குழைந்தது.
மூன்றடி வைத்த இடத்தில் மெஹ்ரூன் மூச்சு வாங்க நிறுத்தியதும்
"ஃபிர்?" என்றாள் அவள்.
பிறகு?

மெஹ்ரூன் என்னைப் பார்த்தாள்.
நான் எழுந்து கதவிடம் போனேன்.
தேக்கு. கனமானது.
கூடத்திலிருந்து தள்ளினேன்.
நிலைச்சட்டத்தில் மோதி நின்றது.
உள்பக்கமாக மட்டுமே திறக்கிற கதவு.
"பாரு," என்றேன். "தள்ளவே முடியாது."
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிறகு சொன்னாள்:
"அப்ப, இழுத்துகினு போயிருப்பா."

சாவியால் ஓரமாகச் சுரண்டினோம்.
பழுப்புக்குக் கீழே வெள்ளை,
வெள்ளைக்குக் கீழே மஞ்சள்.
பந்தயம் யாருக்கும் இல்லை.

வெளியேறும்போது மேனேஜர்
ரிஜிஸ்டரைத் திருப்பி வைத்தார்.
"உங்க பேஷண்ட், வத்சலா,
டிஸ்சார்ஜ் ஆயிட்டாங்களா?"

"ஆயிட்டாங்க" என்றாள் மெஹ்ரூன்.
"இன்னும் இல்ல" என்றேன் நான்,
அதே நேரத்தில்.